வாணியின் படமும் வன்னி மாணவரும்: ரவிவர்மாவின் ஓவியத்தைக் கணினியில் மீளவரைதல் பற்றிய சில குறிப்புகள்

நவராத்திரி நாட்களில் வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலைகளில் நடைபெறும் வாணி விழாவைக் கண்டோர், கும்பத்துக்கும் புத்தக அடுக்குக்கும் பின்னால் வைக்கப்படும் சரசுவதி படத்தை அறிவர். வெண்ணிறச் சேலை, மடிமீது வீணை, பின்னிரு கரங்களில் ஏட்டுச்சுவடியும் அக்கமாலையும், சிவந்த மேனி, அருகில் மயில் அல்லது அன்னம், பின்னணியில் நீர்நிலை. அச்சகத்துக்கு அச்சகம் சிற்சில வேறுபாடுகள் காணப்படினும் இப்படங்களுட் பெரும்பாலானவற்றின் மூலம் ஒன்றே. ராஜா ரவிவர்மா (1848–1906) 1896 இல் வரைந்த சரசுவதி ஓவியமே அது. இவ்வோவியத்தை இன்றைய மாணவர் ஒருவர் கணினியிலோ கைபேசியிலோ மீளவரைய முற்படும்போது எதனை மாற்றுகின்றார், எதனை மாற்றாது விடுகின்றார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மீளவரைதல் தகுமா தகாதா என்ற வாதம் இதற்கு அடுத்தபடியாகவே வைத்து எண்ணப்பட வேண்டியது.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தொன்மையானது என்று நாம் கருதும் இவ்வுருவம் தன் காலத்தில் ஒரு புதுமையாகவே இருந்தது. சோழர் காலத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைந்துள்ள ஞானசரசுவதி சிற்பத்தில் வீணை இல்லை. ஏடு உண்டு, அமைதி உண்டு, நிலக்காட்சி இல்லை. கல்லில் மாடக்குழியினுள் அமர்ந்திருந்த தெய்வத்தை எடுத்து, ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் தசையும் நிழலும் கொடுத்து, உண்மையான குளக்கரையொன்றில் உண்மையான பாறையொன்றின்மீது இருத்தியவர் ரவிவர்மா. தெய்வத்துக்கு ஓர் இடம் கொடுத்தமையே அவர் செய்த பெரும் மாற்றம் எனலாம். அவ்விடம் எவருடைய ஊர் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

ரவிவர்மா 1894 இல் பம்பாயில் அச்சகமொன்றை நிறுவினார். ஜேர்மனியிலிருந்து பொறிகளும் தொழினுட்பவியலாளரும் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வச்சகம் பிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜேர்மானியரின் கைக்கு மாறியது. அங்கு கையாளப்பட்ட கல்லச்சு முறை நமது பொருளுக்கு மிக நெருங்கியதாகும். ஓவியத்தின் நிறங்கள் பிரித்தெடுக்கப்பட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சுண்ணக்கல் ஆயத்தம் செய்யப்படும். ஒரே தாள் கல்லுக்குக் கல் மாறிச் சென்று, நிறத்தின்மேல் நிறம் ஏறி, இறுதியிலேயே முழுப்படமாக வெளிவரும். கணினி ஓவியர் 'அடுக்கு' என்று வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. பின்னணி ஓர் அடுக்கு, உடல் ஓரடுக்கு, உடை ஓரடுக்கு, ஒளி ஓரடுக்கு என வரைந்து, ஒன்றைத் தொடாது மற்றொன்றை மாற்றலாம். கைபேசித் திரையில் விரலால் வரையும் மாணவி ரவிவர்மாவின் தூரிகையைக் காட்டிலும் அவருடைய அச்சகத் தொழிலாளருக்கே நெருங்கிய உறவினள். அத்தொழிலாளரின் பெயர்களைக் கலை வரலாறு பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை.

அச்சுப்படம் பரவியதன் சமூக விளைவு எளிதன்று. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களின் குடிசைச் சுவரிலும் தெய்வத்தின் முகம் குடியேற அதுவே வழி செய்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது 1968 இல் என்பதை நினைவிற் கொண்டால், காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒரு படத்தின் பெறுமதி புலப்படும். மறுபுறத்தில், எல்லாச் சுவரிலும் ஒரே முகத்தை, ஒரே நிறத்தை, ஒரே ஆபரணத்தை அதுவே நிலைநாட்டியது. கோவில்பட்டி கொண்டைய ராஜூவும் (1898–1976) அவர்தம் மாணாக்கரும் வரைந்து சிவகாசியில் அச்சேறிய நாட்காட்டிப் படங்கள் இம்முகத்தை மேலும் மெருகூட்டிப் பரப்பின. கதவைத் திறந்துவிட்ட அச்சுக்கலையே உள்ளே வருவோர் யாருடைய சாயலில் இருக்க வேண்டும் என்பதையும் விதித்தது என்பது என் கருத்து.

வன்னியைப் பொறுத்தவரை இம்முரண் இன்னும் கூர்மையானது. ஜே. பி. லூவிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டது 1895 இல். அதாவது ரவிவர்மா சரசுவதியை வரைவதற்கு ஓராண்டு முன். காடும் காய்ச்சலும் சூழ்ந்த சிறு குளக்கிராமங்களே அன்றைய வன்னி. குளக்கட்டில் மரத்தடியில் ஐயனார் ஒரு கல்லாக இருந்தார். வைரவர் ஒரு சூலமாக இருந்தார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் இன்றும் கடல்நீரிலேயே விளக்கேற்றப்படுகின்றது. அவ்வழிபாட்டின் உயிர்நிலை அந்த நீரும் சுடருமே. முகமில்லாத தெய்வங்களோடு நெருங்கி வாழ்ந்த ஒரு நிலத்துக்கு முகம் அச்சுப்படமாக வெளியிலிருந்தே வந்தது. அது வந்தபோது வன்னியின் குளம் அதில் இல்லை.

வந்த படங்களும் நிலைக்கவில்லை. 2008–2009 இல் மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து கிழக்கு நோக்கிச் சென்றபோது சாமிப்படங்கள் சுவரோடு நின்றன. அல்லது வழியிற் கைவிடப்பட்டன. குடும்ப நிழற்படங்களின் கதியும் அதுவே. போரின் முடிவில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். இன்று பாடசாலைச் சுவர்களிற் காணப்படும் சரசுவதி படங்களிற் பல அதன்பின் புதிதாக வாங்கி மாட்டப்பட்டவையே. இறந்த தாயின் படமொன்றுகூட இல்லாத வீட்டில் தேவியின் படம் மட்டும் பளபளப்பாக இருக்கும் நிலையை வன்னி ஆசிரியர் பலர் அறிவர். அங்கிருந்து வரும் பிள்ளை மீளவரையும்போது, தெரிந்தோ தெரியாமலோ, இரு படங்களை ஒன்றாகத் தேடுகின்றது.

ரவிவர்மாவை மீளவரைந்தோர் முன்னரும் உளர். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்னும் நிழற்படக் கலைஞருடன் இணைந்து 2000–2004 காலப்பகுதியில் உருவாக்கிய தொடரில், ரவிவர்மாவின் இலட்சுமியாகத் தாமே வேடமிட்டு நின்றார்; வரைந்த திரையும் அட்டை அலங்காரமும் வெளிப்படையாகத் தெரிய, தெய்வ உருவம் ஒரு நாடக மேடை என்பது அம்பலமாயிற்று. 2017 இன் இறுதியில் சென்னையில் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் ஆகியோர் இலட்சுமி முதலிய தெய்வங்களைக் கருநிற மேனியினராக நிழற்படமாக்கினர். அவர்கள் மாற்றியது ஓரடுக்கு மட்டுமே, அதாவது தோலின் நிறம். அதற்கே பெரும் விவாதம் எழுந்தது. 2020 ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்றுக்காகச் சென்னையில் நடிகையரைக்கொண்டு ரவிவர்மாவின் ஓவியங்கள் நிழற்படங்களாக மீளாக்கப்பட்டன. அவற்றில் உழைப்பு மிகுதி. ஆனால் முகங்கள் மாறினவேயன்றிப் பார்வை மாறவில்லை.

நம் நாட்டிலேயே இதனினும் ஆழமான முன்மாதிரி ஒன்றுண்டு. கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயச் சுவர்களில் டேவிட் பெயின்ரர் (1900–1975) 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் விவிலியக் காட்சிகளை வரைந்தார். மனிதர் இலங்கை மனிதர். மரங்கள் இலங்கை மரங்கள். சிலுவை கண்டற்காட்டு நிழலில் நிற்கின்றது. முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்க மாணவர் நந்திக்கடலோரக் கண்டல்களைக் கண்டு வளர்ந்தவர். அவருக்கு இச்சுவரோவியம் ஐரோப்பிய ஓவியங்கள் பலவற்றிலும் அதிகம் கற்பிக்கும். பெயின்ரர் தம் நிலத்தைக் கதைக்குப் பின்னணியாக ஒட்டவில்லை. கதையே அந்நிலத்தில் நிகழ்வதாகக் கண்டார்.

இந்நோக்கில் ரவிவர்மாவின் படத்தை மீண்டும் பார்த்தால் வியப்பான ஒன்று தெரியவருகின்றது. அதிலுள்ள பொருள்களிற் பல ஏற்கெனவே வன்னியில் உள்ளவை. மயில் விடியற்காலையில் வயல் வரம்பில் நிற்கின்றது. தாமரை சிறுகுளங்களை மூடிக்கிடக்கின்றது. பாறைக்குப் பதிலாக, இரணைமடு போன்ற குளங்களின் கட்டில் அலையைத் தாங்குவதற்கு அடுக்கிய கருங்கற்கள் உண்டு. கையிலுள்ள ஏடு பனையோலை. அதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. ஆகவே பின்னணி அடுக்கை அழித்து, துருசும் மருதமரமும் வான் பாயும் வெள்ளமும் வரைவது மாணவருக்கு எளிது. கடினமானது உடல் அடுக்கு. அக்கரங்கள் யாருடைய கரங்கள்? 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பிறர் வயலிற் கூலிக்கு நாற்று நட்ட பெண்களின் பேத்தியர் இன்று அப்பாடசாலைகளிற் பயில்கின்றனர். சேற்றில் நின்ற விரல்கள் வீணையைத் தொடும்போது ஓவியத்தின் ஒளியே மாற வேண்டியிருக்கும். போரிற் கையிழந்தோர் வாழும் ஊரில் நான்கு கரங்களை வரைவது என்ன பொருள் தரும் என்பதையும் மாணவர் எண்ணாதிருக்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. இப்போது சில சொற்களைத் தட்டச்சுச் செய்தால் படத்தை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் மாணவர் கைக்கு வந்துள்ளன. அவை இணையத்திற் குவிந்துகிடக்கும் படங்களிலிருந்து கற்றவை. அக்குவியலில் நாட்காட்டித் தெய்வங்களே மிகுதி. ஆதலால் சரசுவதி என்று கேட்டால் பொன்னும் பளபளப்பும் சிவந்த மேனியுமாக அதே முகம் மீண்டும் வருவதே வழக்கம். வன்னிக் குளம் என்று கேட்டால் ஏதோவொரு குளம் வரும், துருசு வராது. கல்லச்சு விதித்த சாயலை மேலும் இறுக்கும் கருவியாக இது அமைந்துவிடலாம். விரலால் ஒரு கோட்டை இழுத்து, பிழைத்து, அழித்து, மீண்டும் இழுக்கும் மாணவிக்கே அடுக்குகளைத் தனித்தனியாகக் கேள்வி கேட்கும் வாய்ப்புண்டு.

எதிர்ப்பு இரு திசையிலிருந்தும் வரும். வழிபடுவோர் மனம் புண்படும் என்பது ஒன்று. எம். எப். ஹுசைன் 1970களில் வரைந்த சரசுவதி கோட்டுருவம் 1996 இல் சஞ்சிகையொன்றில் வெளியானபின் எழுந்த வழக்குகளும் வன்முறையும் அம்முதிய ஓவியரை நாட்டைவிட்டே போகச் செய்தன. 2008 இல் டில்லி உயர் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளியும் அவர் திரும்பவில்லை. 2011 இல் இலண்டனில் இறந்தார். அவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர் தயங்குவதில் வியப்பில்லை. எனினும் பாடசாலைப் பிள்ளை தன் தாயின் முகத்தைத் தேவிக்குக் கொடுப்பதை நிந்தனை என்று கூறுவோர், ரவிவர்மாவும் உயிருள்ள பெண்களைப் பார்த்தே வரைந்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். மற்றைய எதிர்ப்பு முற்போக்காளரிடமிருந்து வருவது: தெய்வத்தை மீளவரைவதால் எவருடைய காணி மீளும் என்பர். நியாயமான கேள்வி. ஓவியம் காணியை மீட்காது. ஆயினும், தன் குளத்தையும் தன் நிறத்தையும் படத்துக்குத் தகுதியற்றவை என்று பத்து ஆண்டுகள் வகுப்பறைச் சுவர் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் உடைமை பறித்தலில் ஒரு வகையே.

நடைமுறையில் ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. வாணி விழாவில் மாணவர் தத்தம் புத்தகங்களைப் படத்தின்முன் வைத்து, விசயதசமியன்று மீள எடுப்பது வழக்கு. கைபேசியில் வரைந்தவர் எதை வைப்பார்? கைபேசியை வைத்தால் சிறிது நேரத்தில் திரை இருண்டுவிடும். வரைந்த சரசுவதி உள்ளேயே இருப்பாள். அச்சிட்டுச் சுவரில் மாட்டினால் பழைய படத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி அதிபரின் மேசைக்குப் போகும். இரண்டையும் அருகருகே மாட்டலாம் என்பது என் எண்ணம். குறைந்தது அந்த ஒன்பது நாட்களுக்காவது.