கையுறை எப்போது வரும்?

நம் நகரின் தூய்மைப் பணியாளர்களுக்கு அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் 'ஊக்கப் பயிற்சி' நடந்தது. விடியற்காலையிலிருந்து குப்பை அள்ளிய களைப்போடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையை நேசித்தால் அது சுமையாகத் தெரியாது என்றார் பயிற்சியாளர். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். "சார், மூணு மாசமா கையுறை வரல. எப்ப சார் வரும்?" அவரிடம் பதில் இல்லை. கையுறை வாங்கித் தருவது அவர் வேலையும் இல்லை.

வெளியே டீக்கடையில் அக்காவோடு பேசினோம். பதினாறு ஆண்டுகளில் மூன்று காண்டிராக்டர்கள் மாறிவிட்டார்கள், அக்கா மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் புது ஆள் என்றே கணக்கு. எந்த வீட்டில் உடைந்த கண்ணாடியை அப்படியே போடுவார்கள், எந்த வீட்டுக் குப்பையில் இன்சுலின் ஊசி கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என 2016-லேயே விதி வந்துவிட்டது. நடைமுறையில் வண்டியோரம் நின்று வெறுங்கையால் பிரிப்பவர் அக்காதான். எடைக்குப் பணம் என்று ஒப்பந்தம் போட்டால், பிரிக்காத ஈரக் குப்பைக்குத்தான் கனம் அதிகம். நின்று பிரிப்பவருக்கு 'ஸ்லோ' என்று திட்டு. வேறு வார்டுக்கு மாற்றம். இரண்டு முறை அப்படி மாற்றப்பட்ட பிறகு, "எதுக்குப் பிரிக்கணும்னு விட்டுட்டேன்" என்றார்.

மேற்பார்வையாளர் இடம் காலியானபோது ஊர்த்தெருவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். எந்தச் சந்தில் வண்டி திரும்பும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான். துடைப்பம் சேரிக்கு, பதிவேடு ஊருக்கு! கொரோனா காலத்தில் மாலை போட்டோம், காலைக் கழுவினோம். பெயரைக்கூட மாற்றினோம். இந்தப் பங்கீடு மட்டும் மாறவில்லை.

1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச வாய்ப்பு மறுக்கப்பட்டு, தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் இதைப் பொருளாதாரக் கேள்வியாகவும் எழுப்பினார். பிறப்பால் திணித்து, இழிவென்று முத்திரை குத்திய வேலையிலிருந்து மனிதர் விலகி ஓடத்தான் நினைப்பார். மனமும் அறிவும் ஈடுபடாத இடத்தில் திறன் எங்கிருந்து வரும் என்பது அவர் வாதம். 'பணித் திருப்தி' பற்றி வகுப்பெடுக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு இரவு பகலாக உட்கார்ந்திருந்த பெண்கள் கேட்டது பணிப் பாதுகாப்பை. நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

கையுறை, உடை மாற்ற ஓர் அறை, அனுபவத்தின்படி மேற்பார்வையாளர் பதவி, ஒப்பந்தத்துக்குப் பதில் நேரடி நியமனம் ஆகியவற்றைக் கேட்டு நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது தந்திருக்கிறார்கள். கையுறை இன்னும் வரவில்லை. பயிற்சியில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் மட்டும், லேமினேஷன் போட்டு, அக்காவின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.