கரணமும் அணியும்

"கரணந் தப்பினால் மரணம்" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. கழைக்கூத்தாடியின் பிழைப்பைக் கண்டு பிறந்த சொல் அது. கடல் பல கடந்த பிறேசில் நாட்டிலே போர்த்துக்கேய மொழி பேசுவோர், கையூன்றாது அந்தரத்தில் ஒரு முழுச்சுற்றுச் சுற்றி இறங்கும் கரணத்தைச் 'சால்த்து மோர்தால்' என்பர். 'மரணப் பாய்ச்சல்' என்பது அதன் பொருள். நம் பழமொழி முழுவதையும் அவர்கள் ஒரு பெயருக்குள் அடக்கிவிட்டனர். கப்போயிரா என்னும் ஆட்டத்தைப் பழகுவோர் அதனையுஞ் சுருக்கி 'மோர்தால்' என்றே வழங்குகின்றனர்.

கப்போயிரா நடனமா, போரா, விளையாட்டா என்று வினாவுவார்க்கு அதனை ஆடுவோர் தரும் விடை 'விளையாட்டு' என்பதே. ஆபிரிக்காவிலிருந்து, சிறப்பாக அங்கோலாப் பகுதியிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிறேசிலிலே வளர்த்த கலை அது. அடிமைமுறை 1888 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1890 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கப்போயிரா ஆடுதலைக் குற்றமாக்கி, இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறை விதித்தது. உடலை அவனிடம் திருப்பிக் கொடுத்த அரசு, அவ்வுடல் துள்ளுதலைப் பொறுக்கவில்லை. ஆட்டத்துக்குத் தாளமிடுவது பெரிம்பாவ் என்னும் ஒற்றை நரம்பு வில். வளைத்த கோலிற் கம்பி பூட்டி, அடியிலே காய்ந்த சுரைக்குடுவை கட்டியிருப்பர். குதிரைப் பொலிசார் வருவதை உணர்த்தக் குளம்பொலி போன்றதொரு தாளம் அதில் வாசிக்கப்பட்டது. 'குதிரைப்படை' என்னும் அத்தாளம் இன்றும் உண்டு.

ஆசானை அவர்கள் 'மெஸ்திரி' என்பர். கட்டட வேலைக்குத் தலைவனாய் நிற்பவனை நம்மவர் மேஸ்திரி என்றழைப்பதும் இப்போர்த்துக்கேயச் சொல்லாலேயே. சப்பாத்து, அலுமாரி, துவாய் ஆகியவற்றை நமக்குத் தந்துசென்ற மொழிதான் அங்கே உதைகளுக்கும் கரணங்களுக்கும் பெயரிட்டது. மார்பிலே உள்ளங்காலை ஊன்றித் தள்ளும் உதைக்கு 'ஆசீர்வாதம்' என்று பெயர்! கைகளில் தலைகீழாய் நிற்றல் 'வாழைமரம்'. குந்தியிருந்து பின்புறமாகத் தாவுதல் 'குரங்கு'. காலைச் சுழற்றி வீசும் உதையொன்று 'திருக்கைவால்'. திருக்கைவாலின் அடி எத்தகையதென யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கரம்போலப் பக்கவாட்டிற் கையூன்றிச் சுழல்வதை 'அஊ' என்கின்றனர். இரண்டு உயிர்கள் உடம்படுமெய் பெறாமலே அடுத்து நிற்கின்றன. நன்னூலார் கண்டிருப்பின் இடையே ஒரு வகரத்தை இட்டு அவற்றை அமைதியுறச் செய்திருப்பர்.

என் மாணாக்கன் ஒருவன் இக்கரணங்களைப் படங்களிற் கண்டு, மைதானத்து மணலிலே முயன்று, மணிக்கட்டுப் பிசகி வந்தான். "ஐயா, இதனைப் பழக எத்தனை நாட் செல்லும்?" என்பது அவன் வினா. இலக்கணம் கற்பிப்போனிடம் கேட்கும் வினாவோ இது என்று முதலில் நகைத்தேன். இக்கலை பற்றிக் கிடைத்தவற்றைப் படித்தபின், அவன் கேட்க வேண்டியவனிடமே கேட்டான் என்று தோன்றிற்று. கப்போயிராவில் இத்தகைய கரணங்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயர் 'புளொரேயு'. 'புளோர்' என்பது மலர்; ஆதலின் பூவேலை, அலங்காரம் என்று பொருள்படும். நாம் அணி என்கிறோம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தனுள் அணி இறுதியில் நிற்பது ஏன் என்று ஆண்டுதோறும் வகுப்பிலே கூறிவருகிறேன். எழுத்ததிகாரத்தில் உறங்கிவிட்டுச் சிலேடைக்கு விழித்தெழும் பிள்ளைகளும் ஆண்டுதோறும் வருகின்றனர்.

அங்கே எழுத்ததிகாரமாவது ஜிங்கா. கால்கள் மாறிமாறிப் பின்வாங்க, உடல் ஊசலாட, ஒருபோதும் நில்லாத அசைவு. சல்வடோர் நகரிலே 1932 இற் பள்ளி தொடங்கிய மெஸ்திரி பிம்பா, புதிய மாணாக்கனின் இரு கைகளையும் தாமே பற்றி, ஏடு தொடக்குவார்போல இவ்வசைவிலே அவனை நடத்தினார். அதன்மேல் எட்டுத் தொடர்கள். இருவர் எதிரெதிர் நின்று, ஒருவன் உதைக்க மற்றவன் தாழ்ந்து விலகி, உடனே தானும் ஓர் உதையால் விடைகூறும் பாடங்கள் அவை. தனியே நின்று காற்றை உதைப்பதற்கு அங்கே மதிப்பில்லை.

உதைகளுள் எனக்கு மிக விருப்பமானது 'கவராயத்தின் அரைமதி'. உடலை மடித்துக் கையை நிலத்தில் ஊன்றவேண்டும். அது கவராயத்தின் கூர். நீட்டிய கால் பென்சில்; குதிகால் வளைந்து வந்து எதிரியின் தலையைத் தேடும். தலை தாழ்வதாலேயே கால் உயர்கின்றது. கற்போன் காலை உயர்த்துவதிலே கருத்தைச் செலுத்திப் பார்வையைத் தவறவிடுகிறான். குனிந்த நிலையிலும் கண் எதிரியை விட்டகலலாகாது. காணாது உதைப்பவனின் ஊன்றிய காலை மற்றவன் வாரிவிடுவான்.

அஊவும் அவ்வாறே. உடற்பயிற்சிக்காரர் சக்கரமடிக்குங்கால் கைகால்களை நேரே நீட்டி, பார்வையை நிலத்தில் வைப்பர். கப்போயிராவில் அஃது ஆபத்து. விரிந்த வயிற்றுக்கெதிரே முட்டுவதற்கு ஒரு தலை காத்திருக்கிறது. ஆதலாற் கால்களை மடக்கி வயிற்றைக் காத்து, தலைகீழாகவே எதிரியின் முகத்தைப் பார்த்தபடி சுழலப் பழகுகின்றனர். 'குரங்கு' பயில்வோன் குந்தியிருந்து, ஒரு கையைப் பின்னே உடலையொட்டி ஊன்றி, இடுப்பை மேலெறிந்து, மற்றக் கையைத் தலைக்கு மேலாக வீசுகிறான். கையை எட்டத்தில் வைத்தால் தோள் தாங்காது. இடுப்பு எழாவிடின் நிலத்தில் இருந்துவிடுவான். பலமுறை அவ்வாறு இருந்தெழுந்த பின்னரே கால் தலையைக் கடக்கும்.

மோர்தால் அத்தகையதன்று. நிலத்தை விட்ட கணத்திலேயே உடலின் செல்வழி முடிவாகிவிடுகிறது. அந்தரத்தில் அதனை மாற்றும் வலி எவனுக்குமில்லை. உடலைச் சுருட்டினால் விரைந்து சுழலும், விரித்தாற் சுழற்சி தளரும். எஞ்சிய சுதந்திரம் அவ்வளவே. எதிரே நிற்பவனோ விரும்பிய இடத்துக்கு நகரலாம். பிம்பா பறத்தலைக் கற்பித்த முறை வேறு. ஒருவன் மற்றவனைத் தூக்கி எறிவான். எறியப்பட்டவன் பூனைபோலக் காலூன்றி இறங்க வேண்டும். பாய்வதன்று, எறியப்படுவதே பாடம். 'இயூனா' என்னும் தாளம் ஒலிக்கத் தேர்ச்சி பெற்றோர் மட்டுமே இதனை வட்டத்திற் செய்து காட்டினர். மெத்தையும் ஆசானும் இன்றி மோர்தாலை முயலற்க என்று என் மாணாக்கனுக்குக் கண்டித்துக் கூறினேன்.

1960 களிலே சல்வடோரின் நாட்டார்கலைக் குழுக்கள் உல்லாசப் பயணிகளுக்கென மேடையேறியபோது, மேடை கேட்டது கரணத்தையே. தூரத்திலிருப்பவன் கண்ணுக்கு விலகலின் நுட்பம் தெரியாது, பாய்ச்சல் தெரியும். பழைய அங்கோலா வழியினருள் இதனைச் சர்க்கஸ் என்று இகழ்வாருளர். அவ்விகழ்ச்சி முழுவதும் எனக்கு உடன்பாடன்று. எதிரி வீசிய கால் வந்த திசையிலேயே அஊவாகச் சுழன்று அகல்வானாயின், அங்கே அணி பொருளோடு உடன்பிறந்ததாகும். ஒருவருமில்லாத வெளியை நோக்கி மும்முறை பாய்ந்து கைதட்டலுக்கு நிற்றல் வேறு. முன்னது உரையாடல், பின்னது, நாம் நன்கறிந்த மேடைப்பேச்சு.

அங்கோலா வழியின் பேராசான் மெஸ்திரி பஸ்தீஞ்ஞா. 1889 இற் பிறந்தவர். 1941 இற் பள்ளி தொடங்கியவர். தம்மினும் பெரிய பையனிடம் அடிவாங்கி நின்ற சிறுவயதிலே, பெனெதித்து என்னும் ஆபிரிக்க முதியவர் அழைத்துத் தமக்குக் கற்பித்தார் என்று அவரே கூறியுள்ளார். 1966 இல் செனகல் நாட்டு டக்கார் நகரில் நிகழ்ந்த கறுப்பினக் கலைவிழாவுக்குப் பிறேசிலின் சார்பிற் சென்றார். 1970 களின் தொடக்கத்திலே, திருத்தவேலை என்று கூறிப் பள்ளிக் கட்டடத்திலிருந்து அவரை அகற்றினர். அது மீள வழங்கப்படவில்லை. பார்வையிழந்து வறுமையுற்று 1981 இல் மறைந்தார். பிம்பாவும் ஆதரவின்மையால் மனங்கசந்து சல்வடோரை நீங்கி, 1974 இல் கோயானியா நகரில் இறந்தார். 2014 இல் யுனெஸ்கோ கப்போயிரா வட்டத்தை மனிதகுலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது.

பஸ்தீஞ்ஞாவின் மாணாக்கர் ஜொவாவ் பெக்கேனு 1982 இல் சல்வடோரின் பழைய கோட்டையொன்றிலே ஆசானின் பள்ளியை மீளத் தொடங்கினார். எண்பது வயது கடந்தும் வட்டத்தில் இறங்கி ஆடினார். அவரிடம் பாய்ச்சல் இல்லை. நிலத்தையொட்டித் தாழ்ந்து, இளைஞன் வீசுங் காலின் கீழே புகுந்து, தம் காலை அவனுக்கு நேரே கொணர்ந்து, படுமுன் நிறுத்திக்கொள்வார். 2011 இல் அவர் இறந்தபோது வயது 93.