மோர்னிங்சைட் இறக்கம்

அம்மாவின் முழங்காலுக்காகத்தான் எஸ்யூவி வாங்கினோம். அம்மாவுக்கு அப்போது 81 வயது. முன்பிருந்த சிறிய காரில் ஏறுவதென்றால் குந்தி இருப்பதுபோலக் கீழே போய் இருக்க வேண்டும். இறங்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். எஸ்யூவியின் இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்குச் சரியாக வந்தது. முதலில் இருந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த மாத்திரத்தில், 2019 கோடையில், 82,000 கிலோமீற்றர் ஓடியிருந்த 2015ஆம் ஆண்டு வாகனத்தை எடுத்துவிட்டோம். ரயரையோ அடிப்பாகத்தையோ நான் குனிந்து பார்க்கவில்லை. "நாலு சில்லும் இழுக்கிற வாகனம், ஸ்னோவுக்குப் பயமில்லை" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

எனக்கு ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை. காலை முறை ஆறரைக்குத் தொடங்கும். 2020 ஜனவரியில் ஒருநாள், இருட்டோடு இருட்டாக மோர்னிங்சைட் அவெனியூவால் தெற்கே போய்க்கொண்டிருந்தேன். எல்ஸ்மியர் சந்தி தாண்டினால் அந்தத் தெரு ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். இரவு தூவிய பனி மெல்லிய வெள்ளைத் துணிபோலக் கிடந்தது. எங்கள் தெருவிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும்போது வாகனம் ஒரு சறுக்குக்கூடச் சறுக்காமல் ஏறியிருந்ததால் மனதில் ஒரு துணிவு. இறக்கத்தின் பாதியில், முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே பெடல் கடகடவென்று உதறியது. வாகனம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது.

வலப்பக்கம் பனி அள்ளும் வண்டி குவித்துவிட்டுப் போன மேடு இருந்தது. அதற்குள் திருப்பினேன். முன் சில்லு கல்விளிம்பில் மோதி நின்றபோது, பஸ்ஸின் பின்புறத்துக்கும் எனக்கும் இடையே ஒரு ஆள் நிற்கும் தூரம்தான் இருந்தது. பஸ்ஸுக்குள் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

வாகனத்தைக் கொண்டுபோனதும், மெக்கானிக் அண்ணை அதை உயர்த்திவிட்டு முதலில் கையை வைத்தது ரயரில். "என்ன தங்கச்சி, நாலு சில்லும் இழுக்குது எண்டு நம்பி வந்தனீங்களோ? இழுக்கிறது மட்டும்தான் அதின்ரை வேலை. நிப்பாட்டுறது அதின்ரை வேலையில்லை. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலையும்தான் இருக்கு."

எஸ்யூவி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். குடும்பங்கள் வாங்குகிற எஸ்யூவிகளில் பெரும்பாலானவை சாதாரண நேரத்தில் முன் சில்லுகளால்தான் ஓடுகின்றன. முன் சில்லு வழுக்கிச் சுழல்வதை உணர்கருவி கண்டால், பின்னால் உள்ள கிளச் இறுகி, கண்மூடித் திறப்பதற்குள் பின் சில்லுகளுக்கும் விசை போகும். பனிக்குள் புதைந்த வாகனம் வெளியே வருவதும், மேடு ஏறுவதும் அதனால்தான். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்த ஏற்பாட்டால் பயனில்லை. அங்கே ரயருக்கும் நிலத்துக்கும் உள்ள பிடி ஒன்றே கணக்கு. ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம் நிலத்தைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு இடத்தில். உயரமான வாகனத்துக்குப் பாரமும் உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டில் சறுக்கிக் கல்விளிம்பில் மோதினால் புரளும் ஆபத்துத் தாழ்ந்த காரைவிட அதிகம். வாகனம் திசை தவறும்போது ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு ஏற்பாடு, 2011 செப்டெம்பர் 1க்குப் பின் தயாராகும் கார்களுக்கும் எஸ்யூவிகளுக்கும் கனடாவில் கட்டாயம். அந்த ஏற்பாட்டுக்கும் ரயரின் பிடி வேண்டும்.

என்னுடையவை 'ஓல் சீசன்' ரயர்கள். பெயரைப் பார்த்து, எல்லாப் பருவத்துக்கும் போதும் என்று எண்ணியிருந்தேன். அண்ணை பள்ளத்தை அளந்து காட்டினார்: 3 மில்லிமீற்றர். பனி வீதியில் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரோடு ஓட வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை. பிறகு வெளியே குளிரில் கிடந்த இரண்டு ரயர்களிடம் கூட்டிப்போய் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஓல் சீசன் ரயர், பழைய பாட்டாச் செருப்பைப் பிறீசருக்குள் வைத்து எடுத்ததுபோல விறைத்துக் கிடந்தது. விண்டர் ரயரில் நகம் பதிந்து, மெல்ல மறைந்தது. அதன் ஒவ்வொரு கட்டியிலும் சவர அலகால் கீறியதுபோல நெளிநெளியான கோடுகள். அந்தக் கீறல்கள் விரிந்து பனியைக் கவ்வுகின்றன.

இரண்டுக்குமான வேறுபாடு ரப்பர்க் கலவையில் இருக்கிறது. வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். பனி விழ வேண்டும் என்றில்லை. காய்ந்த வீதியிலும் பிடி குறையும். விண்டர் ரயரின் கலவை கடும் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். வாங்கும்போது ரயரின் பக்கத்தில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் உள்ள அடையாளத்தைத் தேடுங்கள். பனியில் சோதித்துத் தேறிய ரயருக்குத்தான் அது கிடைக்கும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது பள்ளங்களின் வடிவத்தைத்தான் சொல்கிறது, சோதனையை அல்ல. வயதையும் பாருங்கள். நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை. ஆனால் 2016 முதல் இங்குள்ள வாகனக் காப்புறுதி நிறுவனங்கள் விண்டர் ரயர் போட்டவர்களுக்குக் கழிவு தர வேண்டும். நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். இரும்பு றிம்மோடு நான்கும் சேர்த்து எனக்கு 1,150 டொலர் முடிந்தது. அந்த மாதத்துக்குப் பெரிய தொகைதான். ஆனாலும் விண்டர் ரயர் ஓடும் ஐந்து மாதமும் மற்ற ரயர்கள் தேயாமல் ஓய்வெடுக்கின்றன. இரண்டு தொகுதியும் நீண்டகாலம் வரும்.

காசை மிச்சம்பிடிக்க இரண்டு ரயர் மட்டும் போடலாமா என்று கேட்டேன். "அது கூடாது" என்றார் அண்ணை, கண்டிப்பாக. முன்னுக்கு மட்டும் நல்ல ரயர் போட்டால், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வீசிச் சுற்றிவிடும். நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் இன்னொரு கேடும் உண்டு. புதிய ரயரும் தேய்ந்த ரயரும் சுற்றளவில் வேறுபடும். அதை வழுக்கல் என்று எண்ணிப் பின் கிளச் ஓயாமல் வேலை செய்து, சூடாகிக் கெட்டுவிடும். அதனால்தான் நான்கையும் ஒன்றாக வாங்கி, இடம் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே அளவில் தேய விடுகிறார்கள்.

பின் கிளச்சும் டிஃபரன்ஷியலும் குளிக்கும் ஓயிலை மாற்ற வேண்டும் என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. இஞ்சின் ஓயிலை எல்லோரும் மாற்றுவார்கள். பின்னால் இருப்பதை யாரும் நினைப்பதில்லை. கடை வாகனத் தரிப்பிடத்தில் முழுவதுமாக வளைக்கும்போது பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணை திருகைக் கழற்றியபோது கறுப்பாக, கருகிய மணத்தோடு வடிந்தது. புதியதை ஊற்றிச் சில நாட்களில் முனகல் நின்றது. எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது வாகனத்தோடு வரும் கைநூலில் இருக்கும். பழைய வாகனம் வாங்குவோர் முதல் வாரமே அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

இனி உப்பு. நான் பருத்தித்துறையில் வளர்ந்தவள். கடற்காற்றில் அப்பாவின் சைக்கிள் மட்காட் அரித்துக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். ஆனையிறவில் வெயில் காயவைத்து எடுத்த உப்பைத்தான் சின்ன வயதில் தின்றோம். இங்கே வீதிக்குப் போடும் உப்பு பாறையாக வருகிறது. ஒன்ராறியோவின் கோடரிச் நகரில், ஹியூரன் ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ள சுரங்கம் உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். உப்புப் பட்டால் நீர் உறையும் வெப்பநிலை கீழே போகும், பனி இளகும். மறை 10 பாகைக்குக் கீழே சாதாரண உப்பின் வேலை மிகவும் மந்தமாகிவிடும். அந்த நாட்களில் உப்பைப் பார்த்து வீதி பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது.

வீதியைக் காப்பாற்றும் அதே உப்பு வாகனத்தைக் கீழிருந்து தின்கிறது. அடிச்சட்டம், பிரேக் குழாய், கதவின் கீழ் மடிப்பு என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் துரு தொடங்கும். சூடான வீட்டுக் கராஜில் விட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உப்புச் சேறு இளகி, வெதுவெதுப்பில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வரும் நாள் பார்த்து அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுவது என் வழக்கம். கடும் குளிரில் கழுவினால் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் துருத்தடுப்பு ஓயில் அடிக்கிறேன். இரண்டு நாள் சொட்டும், வாசலில் கறை படும், மணக்கும். ஆனாலும் அடியுங்கள்.

உப்பின் வேலையை நான் கையில் வைத்தே பார்த்தேன். இரண்டாவது குளிர்காலம் முடிந்து பிரேக்கைத் திறந்தபோது, ஒரே சில்லின் இரண்டு பிரேக் கட்டைகளை அண்ணை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று புதிதுபோலத் தடிப்பாக இருந்தது. மற்றது தேய்ந்து இரும்பு மினுங்கியது. கலிப்பர் முன்னும் பின்னும் வழுக்கிப் போய்வர இரண்டு சிறிய கம்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று உப்புத் துருவில் இறுகி, ஒரு கட்டையே எல்லா வேலையையும் செய்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசியிருந்தால் போதுமாம்.

பற்றரிக்கு வருவோம். மறை 18 பாகையில் அதன் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே நேரம் குளிரில் ஓயில் தடித்து, இஞ்சினைச் சுழற்றக் கூடுதல் சக்தி தேவைப்படும். நான்கு வயதைத் தாண்டிய பற்றரியை இலையுதிர் காலத்திலேயே சோதித்துவிடுங்கள். வின்னிபெக்கில் இருக்கும் என் தங்கை, இரவில் இஞ்சினுக்குள் உள்ள சூடாக்கிக்கு மின்கம்பி மாட்டிவிட்டுத்தான் படுக்கப்போகிறாள். ரொறன்ரோவில் அந்த அளவுக்கு வேண்டியதில்லை. ரயரின் காற்றும் அப்படியே: ஒவ்வொரு ஐந்தாறு பாகை குறைவுக்கும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். முதல் குளிர் விடியலில் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதறாமல், சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பிவிட்டுப் பாருங்கள்.

ஓட்டும் விதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கணக்குத்தான் உண்டு. 60இல் போகும் வாகனம் பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரத்தில் பாதிகூட 40இல் போகும் வாகனத்துக்குத் தேவையில்லை. அதனால் இறக்கம் வருமுன்பே, மேட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். பாலத்தின் மேற்பரப்பு மற்ற வீதிக்கு முன்பே உறையும், ஏனென்றால் குளிர்காற்று கீழாலும் அடிக்கும். பெடல் உதறினால் அது கோளாறில்லை. சில்லு இறுகி நின்றுவிடாதபடி பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. காலை எடுக்காமல் அழுத்தியபடி, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து மெல்லத் திருப்ப வேண்டும்.

2010 டிசம்பரில் சார்னியாவுக்கு அருகே 402ஆம் நெடுஞ்சாலையில் பனிப்புயலில் 300க்கும் மேற்பட்டவர்கள் சிக்கி, இராணுவ ஹெலிகொப்டர்களும் மீட்புக்குப் போயின. அதனால் பின்பெட்டியில் கம்பளி, சிறிய மண்வெட்டி, ஒரு பை மணல், தண்ணீர், அம்மாவின் மருந்தில் ஒருநாள் அளவு எல்லாம் எப்போதும் வைத்திருக்கிறேன். நவம்பருக்குப் பிறகு பெற்றோல் பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. பனியில் மாட்டிக்கொண்டு ஹீற்றர் போட நேர்ந்தால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ள வேண்டும். அடைபட்டால் மணமில்லாத நச்சுவாயு உள்ளே வரும். இதை என் மகனுக்கு, அவன் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த அன்றே வாகனத்தின் பின்னால் நிறுத்தி வைத்துக் காட்டினேன்.

போன ஏப்ரலில் விண்டர் ரயர்களைக் கழற்றினோம். மகன் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வர, நான் உப்பைக் கழுவி, பள்ளங்களில் சிக்கியிருந்த சிறு கற்களைத் திருகாணியால் கிளறி எடுத்தேன். காய்ந்ததும் வெண்கட்டியால் உட்பக்கத்தில் எழுதினேன்: இடது முன், இடது பின், வலது முன், வலது பின். நவம்பரில் முன்னையது பின்னுக்குப் போகும். கோடை ரயர்களைப் பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கினான். அண்ணை எனக்குத் தந்த அளவுகோலை மகனிடம் கொடுத்து, கழற்றிய விண்டர் ரயர்களின் பள்ளத்தை அளக்கச் சொன்னேன்.

"ஆறு மில்லிமீற்றர் அம்மா. வலது பின் மட்டும் கொஞ்சம் கூட."

இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்.