கடவுச்சீட்டும் திருமணச் சான்றும்

அயல்நாட்டில் பணிபுரியும் கணவனுடனோ மனைவியுடனோ சென்று வாழ விரும்புவோர்க்குத் துணைவர் விசா தேவை. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வாழும் தமிழர் இதற்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டே முதன்மையான ஆவணமாகும்.

விசா வழங்கும் அதிகாரி விண்ணப்பதாரரை ஆவணங்கள் வழியாகவே அறிவார். ஆகவே கடவுச்சீட்டிலும் திருமணச் சான்றிலும் பெயர் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். தமிழர் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி எழுதுவர். கடவுச்சீட்டிலோ அது விரித்து எழுதப்படும். ஒன்றில் ‘மு. வள்ளி’ என்றும் மற்றொன்றில் ‘வள்ளி முருகன்’ என்றும் இருப்பின், இவர்கள் வேறு வேறு ஆட்களோ என்னும் ஐயம் எழும். அவ்வையம் குடும்பம் ஒன்றுசேரும் நாளைத் தள்ளிவைக்கக்கூடும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022 ஏப்ரல் 4 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எனவே ஒருவரது பழைய பிறப்புச் சான்றில் சித்தூர் மாவட்டம் என்றும், புதிய திருமணச் சான்றில் திருப்பதி மாவட்டம் என்றும் காணப்படலாம். இரண்டும் அவ்வக்காலத்திற்குச் சரியானவையே. அவற்றைக் கையால் திருத்துதல் கூடாது. விளக்கக் குறிப்பு ஒன்றை இணைத்தல் நன்று.

திருமணத்திற்குப் பின் பெயரை மாற்றுதல் கட்டாயமன்று. துணைவர் பெயரைக் கடவுச்சீட்டில் சேர்க்க விரும்புவோர், திருப்பதியிலுள்ள கடவுச்சீட்டு சேவை மையத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம்.

1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, கடவுச்சீட்டு நடுவண் அரசின் உடைமையாகும். அதனை வைத்திருப்பவர் அதன் காவலர் போன்றவர். ஆதலால் அதன் பக்கத்தைக் கிழித்தலும், எழுத்தை அழித்தலும், ஒப்புகைச் சீட்டுப் பெறாமல் முகவரிடம் கொடுத்தலும் தகாத செயல்களாம்.