கைக்கணிப்பானை மீளப் பொருத்துதல்

ஒரு கருவியைப் பிரித்தல் எளிது. மீளப் பொருத்துதலே அரிது. 1972 இல் வெளிவந்த எச்பி-35 என்னும் கைக்கணிப்பான் 395 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. இன்று கணிப்பான்கள் மலிந்துவிட்டமையால், சிறு குறை கண்டதும் எறிந்துவிடுகின்றோம். கல்முனை, சாய்ந்தமருது போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று மின்கலத் தகடுகளை அரிப்பதனால் அவற்றைத் திறந்து துடைக்க நேர்வதுண்டு. மூடியபின் இலக்கங்கள் சிதைந்து தோன்றின், குற்றம் பெரும்பாலும் பொருத்திய முறையிலேயே உள்ளது.

முதலில் விசைகளைக் குழிகளில் இட்டு, அவற்றின்மேல் இறப்பர் விரிப்பை மடிப்பின்றிப் பரப்புக. அதிலுள்ள காபன் பொட்டுகளே சுற்றுப்பலகையில் மின்னிணைப்பை உண்டாக்குவன. அவற்றில் விரல் படலாகாது.

திரைக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய இறப்பர்ப் பட்டி இருப்பின், அதுவே உயிர்நாடி. மின் கடத்தும் படையும் கடத்தாப் படையும் அதில் மாறிமாறி அமைந்துள்ளன. மருதமுனைத் தறியில் பாவு நிற்பதுபோல் அது ஒழுங்கு பிறழாது நிற்றல் வேண்டும். பட்டிக்குப் பதிலாக ஒட்டிய நாடா இருப்பின், அதனை இழுத்தலாகாது.

திருகாணியை முதலில் இடப்புறம் சுழற்றுக. பழைய புரியில் அது சற்றே இறங்கியதும் வலப்புறம் திருப்புக. எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக இறுக்கினால், பட்டியின்மீது அழுத்தம் சமமாகும். இறுதியில் மின்கலத்தை முனையறிந்து இட்டு, திரை நிறையும்வரை 8 ஐ அழுத்துக. ஏழு கோடுகளாலான இலக்கமாயின், ஏழும் துலங்குதல் வேண்டும்.

எறியவிருந்த கருவியை இவ்வாறு இயக்கிய மாணவன், கணக்கோடு பொறுமையையும் கற்றவனாவான்.