உங்களுக்குத் தெரியுமா? இருண்ட திரையிலும் படம் இருக்கலாம்

மடிக்கணினியின் எல்சிடி திரையிலுள்ள திரவப் படிகங்கள் தாமாக ஒளிர்வதில்லை. பின்விளக்கு எனப்படும் எல்இடி வரிசையின் ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் வேண்டிய அளவு மட்டும் கடத்திவிடுவதே அவற்றின் பணி. ஆகவே, கறுத்துப்போன திரையின் மீது டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சும்போது எழுத்துகளும் சின்னங்களும் மங்கலாகத் தென்படுமாயின், படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது என்பதும், பழுது பின்விளக்கிலோ அதற்கு மின்சாரம் தரும் சுற்றிலோ இணைப்புக் கம்பியிலோ இருக்கக்கூடும் என்பதும் புலனாகும். இந்த எளிய சோதனையைச் செய்யாமலே முழுத் திரையையும் மாற்றத் துணிவது பல வேளைகளில் வீண் செலவு. புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரைகளுக்கு இது பொருந்தாது.

வெளிச்சம் தானாகவே கூடிக் குறைவது பெரும்பாலும் பழுதன்று. திரையில் தோன்றும் காட்சி இருண்டதா வெளிர்ந்ததா என்பதைக் கணித்து, மின்கலத்தைச் சேமிக்கும்பொருட்டுப் பின்விளக்கைத் தணிக்கும் ஏற்பாடு விண்டோஸ் 11 இயங்கும் பல கணினிகளில் உண்டு; அமைப்புகளில் காட்சிப் பிரிவுக்குச் சென்று அதனை அணைத்துவிடலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டையே மறைந்துவிட்டால், வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவர் நீங்கியிருக்கவோ பழுதடைந்திருக்கவோ வாய்ப்புண்டு; தயாரிப்பாளர் வழங்கும் டிரைவரை மீண்டும் நிறுவினால் பட்டை பெரும்பாலும் திரும்பிவிடும்.