ஊர் விட்டு ஊர் – 14: கொம்பு ஊதிப் பிறக்கும் ஆண்டு

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் வந்ததே தாமதமாகத்தான். மைன்ஸ் சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார். அடுத்த சங்குக்கு அம்மா உலை வைப்பாள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கும் நின்றது. பிழைப்பு தேடி நான் மும்பைக்கு ரயிலேறிய கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அந்த மும்பையில்தான் நின்றுபோன சங்கை மறுபடி கேட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்த்த பெரியவர் யூதர். பெனே இஸ்ரேல் என்னும் பிரிவு. வீட்டில் பேசுவது மராத்தி. கொங்கண் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. செக்காட்டிப் பிழைத்தவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர். அவரை நான் ‘காகா’ என்று அழைப்பேன். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா.

நான் கோலார்க்காரன் என்று தெரிந்ததும் அவர் பேச்சு திப்பு சுல்தானிடம் போய்விட்டது. திப்புவின் தந்தை ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை எங்களுக்குப் பக்கத்து ஊர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்ற பெனே இஸ்ரேல் வீரர், மைசூர்ப் போரில் திப்புவிடம் சிறைப்பட்டார். “இவர்கள் குர்ஆனில் வரும் பனீ இஸ்ராயீல் அல்லவா, விட்டுவிடு” என்று திப்புவின் தாய் சொன்னதால் உயிர் தப்பினார் என்பார்கள். விடுதலையாகி வந்தவர் நன்றிக்காக 1796-இல் மும்பையில் ஒரு ஜெப ஆலயம் எழுப்பினார். அந்தத் தெருவுக்கு இன்றும் சாமுவேல் தெரு என்றே பெயர். எங்கள் மண்ணில் தொடங்கிய ஒரு பகை, அங்கே வழிபாட்டு இடமாகி நிற்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஒரு புரட்டாசியில் காகா என்னைத் தங்கள் புத்தாண்டுக்கு அழைத்தார். மும்பையை ஒட்டிய தாணேயில் 1879-இல் கட்டிய ஜெப ஆலயம். வெடி இல்லை, ஆரவாரம் இல்லை. நீண்ட தொழுகைக்கு நடுவே ஒருவர் ஆட்டுக்கடாக் கொம்பை எடுத்து வாயில் வைத்தார். தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு எக்காளம் என்றால் தெரியும். இதன் பெயர் ஷோஃபார். முதலில் ஒரே நீள ஊதல். பிறகு மூன்று விம்மல். பிறகு ஒன்பது துண்டு துண்டான கேவல். வேதத்தில் சொன்ன ஒலி பெருமூச்சா, அழுகையா என்று பழைய ரபிகளுக்கு ஐயம் வந்ததாம். இரண்டையும் ஊதிவிடுங்கள் என்று தீர்த்தார்களாம். எவ்வளவு பரிவான தீர்ப்பு!

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால், அதாவது ராக் பர்ஸ்ட் ஆனால், எங்கள் வீடு குலுங்கும். அடுக்கிலிருந்து பாத்திரம் உருளும். தெருப் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். ஷிப்டு முடியும் சங்கு கேட்ட பிறகு அவரவர் ஆள் மேலே வரும்வரை ஒருத்தியும் பேசமாட்டாள். அந்த மௌனம் அன்று அந்த ஆலயத்திலும் இருந்தது.

“ஊதுவது கடமையில்லை, கேட்பதுதான் கடமை” என்றார் காகா, வெளியே வந்ததும். அன்றிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர், பாவநிவாரண நாள். கடவுளுக்குச் செய்த தவறைக் கடவுளிடம் கேட்டுத் தீர்க்கலாம். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதனிடமே போய்த்தான் தீர்க்க வேண்டும். கடவுள் அதில் குறுக்கே வரமாட்டார். நான் பிறகு சொல்லிக்கொண்ட எல்லா வேண்டுதல்களிலும் இந்த வாக்கியம் முள்ளாகக் குத்தியது.

காகா வீட்டில் ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தந்தார்கள். கொங்கண் கிராமங்களில் இந்தப் புத்தாண்டுக்கு ‘நவ்யாச்சா சண்’ என்று பெயராம். அடுத்த சில நாளில் புதுத் தானியத்தில் கீர் காய்ச்சி, சாம்பிராணி போட்டு ஜெபிக்கும் ‘கீரியாச்சா சண்’. யோம் கிப்பூருக்குக் கதவடைப்புப் பண்டிகை என்று பெயர். அந்தக் காலத்தில் வீட்டைச் சாத்திக்கொண்டு, வெளியார் யாரோடும் பேசாமல் உபவாசம் இருந்தார்களாம். பொங்கல் பானையும் சாம்பிராணிப் புகையும் உள்ள வீட்டில் வளர்ந்தவனுக்கு இதில் அந்நியம் எங்கே?

2025-இல் அவர்களின் 5786-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 மாலையில் பிறந்தது. நமக்கு நவராத்திரி தொடங்கியதும் அன்றுதான். அதற்கு முந்தின நாள் மகாளய அமாவாசை. நான் ஊரில் இருந்தேன். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தவனுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவின் தம்பி மாரிக்குப்பத்தில் இருக்கிறார். சுரங்கக் கம்பெனியின் லைன் வீடு யாருக்கு என்ற சண்டையில் நான் பேசிய சொல் ஒன்று. அதன்பின் ஒன்பது வருடமாக இரண்டு பேரும் பேசவில்லை.

சாயங்காலம் போனேன். சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாறையைத் துளைத்துத் துளைத்து அவர் காது எப்போதோ மந்தமாகிவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் அசையவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன். எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

“மொதல்லயே கேட்டுச்சுடா” என்றார். “கத்தாத, உள்ள வா.”

(தொடரும்)